எங்கள் மகன் கேட்டுக்கொண்டிருந்தான்

இக்கட்டுரையை எங்கள் பெயரோ ஊரோ இன்றி எழுதுகிறோம். இது எங்கள் கதை என்பதைவிட எங்கள் மகனின் கதை என்பதே அதற்குக் காரணம். அவனுடைய இசைவு பெற்றே எழுதத் துணிந்தோம். எழுதி முடித்ததை அவனுக்குப் படித்தும் காட்டினோம். இரண்டு இடங்களில் மட்டும், "அப்படி நடக்கவில்லை" என்று திருத்தினான். அவ்விரண்டையும் உரிய இடத்தில் குறிப்பிடுவோம்.

தென் மாவட்டம் ஒன்றின் சிற்றூர்ப் பங்கைச் சேர்ந்தவர்கள் நாங்கள். எங்களுள் ஒருவர் கூட்டுறவு வங்கியில் எழுத்தர். மற்றவர் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. மூத்தவள் மகள், இளையவன் மகன். இரவு எட்டு மணிக்குக் குடும்பச் செபமாலை. அதன் பின்னரே உணவு. மகன் ஒன்பது வயது முதல் பீடச் சிறுவன். இத்தகைய இல்லத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் அறியாதது எதுவும் இருத்தல் இயலாது என்று நம்பியிருந்தோம்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு இனிக் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்திருந்தனர். ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அவ்வளவில் வலுவிழந்தது. எங்களுள் தந்தையானவர், "உலகம் அழிவதற்கு இதுவே போதும்" என்றார். தாயானவர், "பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதையா போடுவது? அணையுங்கள்" என்றார். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகன் சுவரோரம் கணக்குப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. படிப்பில் எவ்வளவு கவனம் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

மறு ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்கு அருகிலுள்ள நகரின் ஆண்கள் பள்ளியில் சேர்ந்தான். கலகலப்பாகச் சென்ற பிள்ளை சில மாதங்களில் ஒடுங்கிப்போனான். வழக்கமான பேருந்தை விட்டு அரைமணி நேரம் தாமதமான பேருந்தில் வந்தான். சோற்றுப் பாத்திரம் பாதி நிறைந்தபடியே திரும்பியது. பீடப்பணிக்குச் செல்வதை நிறுத்தினான். வெள்ளிக்கிழமைதோறும் உண்ணா நோன்பிருந்தான். பருவத்தின் இயல்பு என்று முன்னவற்றைத் தள்ளினோம். நோன்பை மட்டும் உறவினரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மறுநாள், "நான் குருமடத்தில் சேர விரும்புகிறேன்" என்றான். எங்கள் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அவனுடைய பாட்டி தம் கைவளையலைக் கழற்றி, "இதை உருக்கி என் பேரனின் முதல் பூசைக்குத் திருக்கிண்ணம் செய்யுங்கள்" என்று எங்கள் கையில் வைத்தார்.

பங்குத்தந்தை அவனை இருமுறை தனியே அழைத்து நெடுநேரம் பேசினார். பின்னர் எங்களை வரச்சொன்னார். "இப்பொழுது வேண்டாம். ஒளிந்துகொள்ள இடம் தேடுவதும் தேவ அழைத்தலும் ஒன்றல்ல. பையன் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை நான் சொல்லமாட்டேன், அவன்தான் சொல்லவேண்டும். சொல்லும்போது எழுந்து போய்விடாதீர்கள். நான் உங்களைக் கேட்பது அவ்வளவுதான்" என்றார். எங்களுக்கு அவர்மீது சினமே மிஞ்சியது. வாசலில் நின்ற மகனோடு பேசாமலே வீடு திரும்பினோம்.

2020 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு. செபமாலை முடிந்து மகள் எழுந்து சென்றாள். மகன் மட்டும் முழந்தாளிலேயே இருந்தான். தனக்குப் பெண்கள்மீது நாட்டம் எழுவதில்லை, ஆண்பிள்ளைகள்மீதே எழுகிறது, ஏழாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான், தான் அதைத் தேடிக்கொள்ளவில்லை, மாற்றித் தருமாறு கேட்காத நாளில்லை. இவ்வளவையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தன்னைக் குறிக்க அவன் எந்தச் சொல்லையும் பயன்படுத்தவில்லை. தமிழில் அவன் கேட்டறிந்த சொற்கள் யாவும் வசைச்சொற்கள். அவற்றைத் தன் வாயால் தனக்கே சூட்டிக்கொள்ள அவனால் இயலவில்லை.

"நாங்கள் இருவரும் அழுதோம்" என்றுதான் இவ்விடத்தில் முதலில் எழுதியிருந்தோம். அவன் திருத்தினான்: "அம்மா அழுதார்கள். அப்பா, நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்." உண்மைதான். முற்றத்தில் வேப்பமரத்தடியில் நள்ளிரவு வரை தந்தை அமர்ந்திருந்தார். உள்ளே தாய், "யாரடா உனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே பெருநகரில் ஒரு மருத்துவரைக் கண்டோம். ஆறு மாதங்களில் சரிசெய்துவிடலாம், பின்னாளில் திருமணம் செய்தால் அடியோடு மறைந்துவிடும் என்று அவர் உறுதி கூறினார். மாத்திரைகள் கொடுத்தார். பொதுத்தேர்வு நாட்களில் பிள்ளை தூங்கித் தூங்கி விழுந்தான். "அவனுடைய நன்மைக்காகவே அழைத்துச் சென்றோம்" என்று எழுதியிருந்தோம். அவன் செய்த இரண்டாவது திருத்தம் இதுவே: "எனக்காக அல்ல, ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக." இதையும் மறுக்க எங்களால் கூடவில்லை. அவன் மாறவேண்டுமென்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சையும் செய்தோம். ஆண்டுதோறும் அதே திருத்தலத்தில், எங்கள் அருகிலேயே நின்று, அதே மன்றாட்டை அவனும் வைத்துவந்தான் என்பதை அப்போது நாங்கள் அறியோம்.

மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. கோவில் கதவும் மூடிற்று. நகரத்து மருத்துவரிடம் செல்லவும் வழியில்லை. நால்வரும் ஒரே கூரையின் கீழ் இரவும் பகலும் இருந்தோம். முதல் சில வாரங்கள் பேச்சற்றுக் கழிந்தன. பின்னர், கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயின் அருகில் அமர்ந்து அவன் சிறிது சிறிதாகச் சொல்லத் தொடங்கினான். ஒருநாள் தந்தையும் வந்து அமர்ந்தார். இம்முறை எழுந்து போகவில்லை.

பள்ளியில் ஒரே ஒரு நண்பனிடம் மனம் திறந்திருக்கிறான். ஒரே வாரத்தில் வகுப்பு முழுதும் அறிந்துவிட்டது. அவன் அமரும் பலகையில் மற்றவர் அமர மறுத்தனர். பட்டப்பெயர் ஒன்று அவனுக்கு முன்பே பேருந்து நிறுத்தத்தை எட்டியது. ஆசிரியர் ஒருவர் வருகைப் பதிவின்போது அப்பட்டப்பெயரையே சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தார். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று எண்ணிய இரவுகளும் இருந்தன. "அப்பொழுதே எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

அவன் விடை கூறினான். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, பாடம் ஒப்பிப்பவனைப்போல். திரைப்படத்தில் நகைச்சுவை நடிகர் பெண்ணைப்போல் நளினம் காட்டியபோது நாங்கள் இன்னது சொல்லிச் சிரித்தோம் என்றான். தெருவில் சென்ற திருநங்கை ஒருவரைப் பாட்டி என்ன சொன்னார், நாங்கள் அதை எவ்வாறு தடுக்காமல் இருந்தோம் என்றான். தாய் தம் வகுப்பில் ஒரு மாணவனை, "ஆண்பிள்ளையாக நட" என்று அதட்டியதை இரவு உணவின்போது பெருமையாகக் கூறியதைச் சொன்னான். இறுதியில், செய்தியை அணைத்த அந்தச் செப்டம்பர் மாலையைச் சொன்னான். நீதிமன்றம் அவனைக் குற்றவாளியல்ல என்று சொன்ன அதே மாலையில் எங்கள் வீட்டுத் தீர்ப்பை அவன் கேட்டிருக்கிறான். அன்று அவன் கையிலிருந்த கணக்கு ஒன்றும் ஓடவில்லையாம்.

அன்பார்ந்த பெற்றோரே, நாங்கள் இங்கே சொல்ல விரும்புவது இதுவே. எங்கள் மகனின் சுமை அவனுடைய இயல்பு மட்டும் அன்று. அதைத் தனியே சுமக்க வேண்டியிருந்ததே பெருஞ்சுமை. பள்ளியில் சிலர் அதை ஏற்றினர் என்றால், இறக்கி வைக்க இடமில்லாதபடி செய்தது எங்கள் இல்லம். அவனை நாங்கள் ஒரு நாளும் வையவில்லை. ஆனால் அவன் காதுபட மற்றவர்களை வைதோம். தன்னை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று அவன் தன்னோடு போராடிக்கொண்டிருந்த காலமெல்லாம், இவர்கள் ஏற்பார்களா என்று எங்கள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியபின் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஒருவரைக் கண்டோம். பழைய மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். மடித்து எங்களிடமே தந்தார். "இது நோயன்று, ஆதலால் இதற்கு மருந்தும் இல்லை. உங்கள் மகனுக்கு இருப்பது அச்சமும் உறக்கமின்மையும். அவற்றுக்கு உதவி செய்யலாம்" என்றார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும், உலக நலவாழ்வு நிறுவனம் 1990இலும் இதனை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன என்பதையும், இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல் இதனை நோயாகக் கருதலாகாது என்று அறிவித்ததையும் அவரிடமே அறிந்தோம். நாங்கள் பிறந்த காலத்திலேயே தெளிவான செய்தி எங்கள் வீட்டை வந்தடைய இத்தனை ஆண்டுகள் ஆயின.

2021 ஜூன் 5ஆம் நாள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டதாகத் தமிழக அரசு அறிவித்தது. பள்ளிக்கூடத்து வாழ்வு அத்துடன் முடிந்தது என்று மகன் பெருமூச்சு விட்டான். இரண்டு நாள் கழித்து, ஜூன் 7இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி வீட்டை விட்டுச் சென்ற இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு அது. இத்தகையோரின் இயல்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தடை செய்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அம்முயற்சியை மருத்துவரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. ஆயினும் எங்கள் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. இப்பொருளைப் பற்றித் தமக்கே போதிய தெளிவில்லை என்று அந்நீதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன்னர் உளவியல் அறிஞர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். தீர்ப்பு வழங்கும் இருக்கையில் இருப்பவரே மாணவராக அமர்ந்தார் எனில், பெற்றோர் அமர்வதில் இழுக்கு என்ன?

கத்தோலிக்கராகிய நமக்கு எழும் வினாவைத் தவிர்க்க நாங்கள் விரும்பவில்லை. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்பதும், தன்பால் உறவுச் செயல்களை ஏற்பதற்கில்லை என்பதும் திருச்சபையின் போதனை. ஆனால் அதைச் சொல்லும் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடே, இவர்களை மதிப்போடும் பரிவோடும் கனிவோடும் ஏற்கவேண்டும், அநீதியாக ஒதுக்கும் எவ்வித அடையாளமும் கூடாது என்று 2358ஆம் எண்ணில் கற்பிக்கிறது. முதற்பகுதியை நாங்கள் மனப்பாடமாக அறிந்திருந்தோம்; இரண்டாம் பகுதி ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. 2022 சனவரி 26ஆம் நாள் புதன் மறையுரையில், 2025இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் பெற்றோரை நோக்கிப் பேசினார். பிள்ளைகளிடம் வேறுபட்ட பாலின நாட்டத்தைக் காணும் பெற்றோர் கண்டன மனப்பான்மைக்குள் ஒளிந்துகொள்ளாமல் அவர்களுக்கு உறுதுணையாய் நடக்கவேண்டும் என்பது அவருடைய அறிவுரை. ஒளிந்துகொள்வது பற்றி எங்கள் பங்குத்தந்தை மகனிடம் கண்டதைத் திருத்தந்தை எங்களிடம் கண்டார்.

இன்று மகன் பட்டம் பெற்று வெளியூரில் பணிபுரிகிறான். எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டோம். சில ஞாயிறுகளில் எங்களோடு திருப்பலிக்கு வருகிறான். சில ஞாயிறுகளில் வருவதில்லை. திருச்சபையிடம் அவனுக்குக் கேள்விகள் உண்டு. அவற்றை எங்களிடம் கேட்கிறான் என்பதே எங்களுக்கு ஆறுதல். பாட்டிக்கு நாங்கள் எதையும் விளக்கவில்லை, மகனே விளக்கினான். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் அந்த வளையலைப் பேழையிலிருந்து எடுத்துவரச் சொன்னார். "கிண்ணத்துக்குத்தானே வேண்டாம்? உனக்கு வேண்டும்" என்று அவன் கையிலேயே கொடுத்தார்.

இரவுச் செபமாலை இன்றும் உண்டு. மகிழ்ச்சித் தேவ இரகசியங்களில் ஐந்தாவது வரும்போதெல்லாம் நாங்கள் சற்றே தயங்குகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பெற்றோர் மூன்று நாள் தேடிக் கண்டடைகின்றனர். அவர் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் அவர்கள் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். விளங்காதவற்றை அன்னை தம் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்த செபத்தில் இது இருந்ததை நாங்கள் கவனித்ததில்லை.

உங்கள் இல்லத்திலோ உங்கள் வகுப்பறையிலோ பங்கின் பீடச் சிறுவரிடையேயோ இத்தகைய பிள்ளை ஒருவன் இருக்கலாம். அவனைத் தேடிக் கண்டுபிடித்து வினவ வேண்டியதில்லை. சொல்லும் உரிமை அவனுடையது. அவன் ஒடுங்கிப்போவதைக் கண்டால், காலம் தாழ்த்தாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் அரசு எண்ணும், குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாற்றித் தருவோம் என்பவரிடம் மட்டும் பிள்ளையை ஒப்படையாதீர்கள்.

இன்றிரவு உணவுக்கு அமரும்போது தொலைக்காட்சியில் யாரையேனும் கேலி செய்யும் காட்சி வரலாம். அடுத்த தெருப் பையனைப் பற்றிப் பேச்சு எழலாம். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று ஒரு கணம் எண்ணிப்பாருங்கள். சுவரோரம் புத்தகத்தோடு ஒருவன் நிமிராமல் அமர்ந்திருக்கக்கூடும்.