படவில்லைகளும் ஓர் அரமும்

ஸ்லைட் என்று நாம் அழைத்த படவில்லையை இன்றைய இளைஞர்களில் பலர் கண்டிருக்க மாட்டார்கள். 24க்கு 36 மில்லிமீற்றர் அளவுள்ள படச்சுருள் துண்டொன்று, 50 மில்லிமீற்றர் சதுரச் சட்டத்தினுள் பொருத்தப்பட்டிருக்கும். புரொஜெக்டரின் ஒளியில் சுவரிலே விழுத்திப் பார்க்க வேண்டும். மலையகத்தில் அக்கருவி லயத்து அறைகளுக்கு உரியதன்று. துரை பங்களாவுக்கு உரியது. ஆகவே, கூடை சுமந்து படத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் தம் படத்தைத் தாமே பார்த்திருக்க மாட்டார்கள்.

அத்தகைய பெட்டி ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்து சேர்ந்தது. ஹற்றனுக்கு அருகே தோட்டப் பாடசாலையில் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் தந்தது. 1975ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, தாயகம் திரும்பிய துரை விட்டுச்சென்றதாம். ஏறத்தாழ முந்நூறு வில்லைகள். பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் இடம், பிள்ளைக்காம்பரா, காமன் கூத்து எனப் பலவும் அவற்றில் இருந்தன.

அவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு ஸ்கேனர் ஒன்றை இரவல் பெற்றேன். நான்கு வில்லைகளை வரிசையாக அடுக்கும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று அதனுடன் வந்தது. தொல்லை அங்கேதான் தொடங்கியது. மலைநாட்டு ஈரம் அட்டைச் சட்டங்களை ஊதச் செய்திருந்தது. அவை தாங்கியின் குழிக்குள் இறங்க மறுத்தன. அழுத்தி இறக்கினால் வெளியே வர மறுத்தன. நகத்தால் நெம்பினால் விரல் படச்சுருளில் படும். ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்த படத்திற்கு அது மேலும் ஒரு கேடு.

இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஒரு வட்ட அரத்தையும் மென்மையான உப்புத்தாளையும் எடுத்தேன். உரியவரிடம் அனுமதி கேட்ட பின்னர்தான்! ஒவ்வொரு குழியின் நீள விளிம்பிலும் கட்டைவிரல் நுழையுமளவு பிறைவடிவில் அராவினேன். பக்கச் சுவர்களை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தேன். குழியின் அடித்தளத்தை மட்டும் தொடவில்லை. குவியம் மாறாத ஸ்கேனர்களில் படம் சற்று உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் தெளிவு கெட்டுவிடும். தாங்கியின் ஓரத்திலுள்ள சிறு வெட்டுகளையும் விட்டுவிட்டேன். படம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அவையே கருவிக்கு உணர்த்துகின்றன. பின்னர் பிளாஸ்டிக் துகள் போகக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதே வில்லையை மறுபடி வருடி, முன்னைய படத்தோடு ஒப்பிட்டேன். வேறுபாடு தெரியவில்லை. அதன்பின் வில்லைகள் சீட்டுக்கட்டுப் போல் ஏறி இறங்கின.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வில்லையின் ஒரு பக்கம் பளபளக்கும்; மறுபக்கம் மங்கலாக இருக்கும். பக்கம் மாறி வைத்தால் படம் இடவலமாகிவிடும். படத்தில் பெயர்ப்பலகை இருந்தால் எழுத்துகள் காட்டிக்கொடுக்கும். மனிதர்கள் மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்கலாம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தகரப் பெட்டியுடன் ரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலையோடு வாழ்ந்தார்கள். குடும்பங்கள் இரு நாடுகளாகப் பிரிந்தன.

முந்நூறு வில்லைகளில் ஒன்றில், நிறுவைத் தராசின் அருகே நின்ற பெண்ணைக் கண்டதும் நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார். கோத்தகிரிக்குப் போய்விட்ட அவருடைய மூத்த அக்கா. இளவயதுப் படம் எதுவும் அக்குடும்பத்தில் இல்லை. அச்சிட்டு அனுப்பினோம். அக்கா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன, பேத்தி பெற்றுக்கொண்டாள்.

நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்து வருகிறது. படங்களுக்கும் அத்தகைய அக்கறை தேவை. அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். கருவி கிடைக்காவிடினும் பாதகமில்லை. படத்திலிருப்பவர் யார், எந்தத் தோட்டம் என்பதை வயதில் மூத்தவர்களிடம் கேட்டுச் சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். பெயரறியாத முகத்தை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது.