காற்றுக்கேற்ற பாய்

சிறு பாயோடத்தில் பாயை இறுக்க இறுக்க வேகம் கூடும் என்பது தவறான எண்ணம். காற்று பக்கவாட்டிலிருந்து வரும்போது, பாயின் மூலைக் கயிற்றை முதலில் தளர்த்த வேண்டும். காற்று முதலில் தொடும் விளிம்பு படபடக்கத் தொடங்கும். அந்தப் படபடப்பு அடங்கும் அளவுக்கு மட்டும் கயிற்றை இழுத்தால், காற்று பாயின் இரு முகங்களையும் ஒட்டி ஓடி ஓடத்தை முன்னே இழுக்கும். அதற்கு மேல் இறுக்கினால் பின்முகத்தில் காற்று பிரிந்து சுழலும். ஓடம் சாயுமே தவிர ஓடாது. மென்காற்றில் பாய்க்குச் சற்று வயிறு வேண்டும், பலத்த காற்றில் அது தட்டையாக நிற்க வேண்டும்.

இலங்கையில் இந்தக் கைத்திறனைக் காண ஏற்ற இடம் நீர்கொழும்பு. அங்குள்ள பக்க மிதவை ஓடத்தைச் சிங்களத்தில் ஒருவ என்பர். குடைந்த மர அடி, அதன்மேல் கயிற்றால் தைத்த பலகைகள், ஆள் உட்காரவும் சிரமமான ஒடுக்கம். மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். ஆகவே எதிர்த்திசைக்குப் போக ஓடத்தைத் திருப்புவதில்லை. இரு முனையும் ஒரே வடிவம்தான். பாயை மாற்றிச் சுக்கான் பலகையை மறுமுனைக்குக் கொண்டுபோனால், பின்முனையான அமரமே முன்முனையான அணியமாகிவிடுகிறது. காற்று பலத்தால் ஒருவர் மிதவைக் கம்பின்மேல் நடந்துபோய் அமர்வார். இன்னும் பலத்தால் இன்னொருவர். காற்றின் வலுவையே ஓராள் காற்று, ஈராள் காற்று என்று இந்த ஓடக்காரர்கள் அளந்ததைப் பழைய ஆங்கிலக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கருவி எதுவும் இல்லாமலே கண்ட அளவு இது.

பருத்திப் பாய் மக்காதிருக்கத் துவர்ச்சாறு ஏற்றுவது கடலோர வழக்கம். செம்பழுப்பு நிறம் அதனால் வருவது. தேயிலைத் தோட்டத்துச் சாயத்தண்ணியின் துவர்ப்பும் அந்த இனத்ததே.

மலையக நீர்நிலைகளில் பாய் பிடிப்பது கடலைவிடக் கடினம். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவான நுவரெலியா கிரகரி வாவியிலும், ஹட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் மலைகள் காற்றைத் தடுத்துத் திருப்புகின்றன. அது திடீரென்று வீசும், திடீரென்று ஓயும், திசையும் மாறும். கயிற்றைக் கட்டிவிட்டு இருக்க முடியாது. நீர்ப்பரப்பு கருத்துச் சிலிர்த்து நெருங்குவதைக் கண்டதும், காற்று வந்து சேருமுன்பே கயிறு தளர வேண்டும். மலைச்சரிவில் மூடுபனி ஏறும் பக்கத்தைப் பார்த்தே மழையை அறியும் கொழுந்து பறிப்பவர்களுக்கு இந்தப் பார்வை புதிதல்ல.

மோட்டாரும் கண்ணாடியிழைப் படகும் பெருகியபின் பாயோடங்கள் குறைந்துவிட்டன. மலையகத்திலிருந்து நீர்கொழும்புக்குப் போகிறவர்கள், விடியற்காலைக் கரைக்காற்றில் புறப்பட்ட ஓடங்கள் கடற்காற்றில் திரும்பும் நேரத்தில் கரையில் நின்று, கயிறு பிடித்த கையைக் கவனிக்க வேண்டும்.