ஐம்பது ரூபாய் அட்மிஷன்

அட்மிஷன் சீஸன் வந்தால் போதும்... ஆவடி, பூந்தமல்லி பக்கம் சுவரெல்லாம் இன்ஜினீயரிங் காலேஜ் விளம்பரம்தான். பக்கத்திலேயே அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அதுக்கு யார் சார் போஸ்டர் ஒட்டுவா?

நான் பி.காம்.காரன். எதையும் வரவு-செலவு எழுதிப் பார்க்கிற புத்தி. எழுதினேன். விண்ணப்பம் 50 ரூபாய். பயிற்சிக் கட்டணம் கிடையாது. சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ் இலவசம். மாசம் 750 ரூபாய் உதவித்தொகை வேறு. அரசுப் பள்ளிப் பையன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1,000. ஆக, வரவு 1,750!

அப்படியும் சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். காரணம், எந்த நோட்டீஸிலும் இல்லாத ஒரு செலவு. அப்பா ஆட்டோ ஓட்டுவார், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். 1964-ல் வந்த எஸ்டேட்டில் பையன் ஹெல்பராகப் போனால், சனிக்கிழமை கையில் கூலி. டர்னர் படிக்கிற 2 வருஷமும் அந்தச் சனிக்கிழமைகளை வீடு விட்டுக்கொடுக்கணும். அதுதாங்க நிஜ ஃபீஸ்!

விட்டுக்கொடுத்தால்? பத்தாவதுக்கு மேல் 2 வருஷ ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேர வழி உண்டு. ஹெல்பருக்கு அந்தக் கதவு கிடையாது. 'மார்க் வாங்காதவன் போற இடம்' என்று முகம் சுளிக்கும் பெரியப்பாக்கள் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று... ஆண்களுக்கு 40 வயசு வரைதான். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. உங்க வீட்டில், பத்தாவதோடு நின்ற அக்கா யாராவது இருக்காங்களா?