லைனுக்குப் போன அப்பா

அப்பாவுக்குத் தேனியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் லைன் வேலை. ஊர் ஊராகப் போய்ச் சில்லறைக் கடைகளில் ஆர்டர் எடுக்க வேண்டும், போன வாரத்துப் பாக்கியை வசூல் பண்ண வேண்டும். திங்கள் ஆண்டிபட்டி, செவ்வாய் போடி, புதன் சின்னமனூர், உத்தமபாளையம், வியாழன் கம்பம், கூடலூர். வெள்ளியும் சனியும் கடையில் உட்கார்ந்து கணக்கு. ராத்திரி அவர் தோளிலிருந்து இறக்கி வைக்கும் ரெக்சின் பையைப் பார்த்தே அன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லிவிடலாம். முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திங்கள். பையைத் திறக்கும் முன்பே ஏலக்காய் மணந்தால் செவ்வாய். வாழைச் சருகில் கட்டிய வெற்றிலையும் சீப்பு சீப்பாக வாழைப்பழமும் வந்தால் புதன். வியாழக்கிழமை பை மட்டும் அடியில் ஈரமாக, கருநீலமாக இருக்கும். அது திராட்சை.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1996-ல்தான். எங்கள் சொந்தபந்தமெல்லாம் அப்பாவின் லைன் ஊர்களிலேயே இருந்தார்கள். சொந்தக்காரர்கள் இருக்கிற ஊராகப் பார்த்து அவர்தான் லைனைக் கேட்டு வாங்கினார் என்று அம்மா சொல்லும். ஆண்டிபட்டியை ஒட்டிய ஜக்கம்பட்டியில் அம்மாச்சி வீடு. போடியில் அத்தை. சின்னமனூரில் பெரியப்பா வீட்டோடு அப்பத்தா. கூடலூரில் சித்தி. முழுப் பரீட்சை லீவு விட்டதும் நானும் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு லைனுக்குக் கிளம்பிவிடுவேன்.

"வெறுங்கைய வீசிக்கிட்டு ஒருத்தர் வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுப்பா" என்பார் அப்பா. அதற்காக மிட்டாய்க் கடையில் அரைக் கிலோ லட்டு கட்டச் சொல்கிற ஆளும் இல்லை. நேற்றுப் போன ஊரின் சாமானை இன்றைக்குப் போகிற வீட்டில் இறக்குவார். இன்றைக்குக் கிடைத்ததை நாளைக்குப் போகிற வீட்டில். கடைச் சரக்குக்குக் கொண்டுபோன கார்பன் தாள் வைத்த ஆர்டர் புத்தகம் போக, மனசுக்குள் இன்னொரு ஆர்டர் புத்தகம் வைத்திருந்தார். எந்த வீட்டில் யாருக்கு எது பிடிக்கும் என்பது அதில் தப்பாமல் இருக்கும்.

திங்கட்கிழமை ரயிலில் போவதாக இருந்தால் எனக்குக் கொண்டாட்டம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடி வரை போன மீட்டர் கேஜ் பாதை அது. 1928-ல் போட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டு, சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்களாம். "போட்ட ரயிலயே தூக்கிட்டுப் போன ஊருப்பா இது" என்று அப்பா ஜன்னலோரத்தில் சொல்லிக்கொண்டே வருவார். பக்கத்தில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஜக்கம்பட்டியில் அம்மாச்சி வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காதுதான் வேலை செய்யும். வீட்டுக்கு வீடு தறி. ஒரு வீட்டுச் சத்தம் ஓய்வதற்குள் அடுத்த வீட்டுச் சத்தம் பிடித்துக்கொள்ளும். திண்ணையெல்லாம் ராட்டையில் தார் சுற்றும் கிழவிகள். ஆண்டிபட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி, செம்மண்ணும் கரடும்தான். நெல்லுக்குத் தண்ணீர் இல்லாத அந்த மண்ணில் முருங்கை மட்டும் கிளை முறியக் காய்த்துக் கிடக்கும். அம்மாச்சி தொரட்டியை எடுத்துக்கொண்டு போய், நார் விழாத காயாகத் தட்டிப் பார்த்துப் பறித்து, கட்டாகக் கட்டி வைக்கும். "இது போடிக்கு, இது சின்னமனூருக்கு" என்று இரண்டு கட்டு. சின்னமனூர்க் கட்டில்தான் நல்ல காய் இருக்கும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

போடி வேறு உலகம். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே காற்றில் ஏலக்காய் மணக்கும். ஊருக்கு மேற்கே நிற்கும் மலையில் போடிமெட்டு ஏறி இறங்கினால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். அங்கே பறித்து, ஸ்டோரில் விறகு எரித்துக் காய வைத்த காய் மூட்டை மூட்டையாகப் போடிக்குத்தான் இறங்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். போடியில் வெறுமனே காய் என்றால் ஏலக்காய்தான்.

அத்தை ஒரு வியாபாரியின் கிட்டங்கியில் காய் பொறுக்கப் போகும். நானும் கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். தரையில் பச்சைக் குன்றாகக் காய் குவிந்திருக்கும். அதைச் சுற்றிப் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். சல்லடையில் சலித்துப் பருமன் பிரித்திருப்பார்கள், எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற காய்க்குத்தான் மரியாதை. அப்புறம் கை வேலை. காம்பு ஒட்டியிருந்தால் கிள்ள வேண்டும், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். அத்தை பேச்சை நிறுத்தாது. பார்வையும் முறத்தில் இருக்காது. விரல் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து அந்தக் கையால் மோர் கரைத்துத் தந்தால் மோரும் மணக்கும்.

"அண்ணே, ஆண்டிபட்டிக் காயா? குடுங்க குடுங்க. இங்கிட்டு விக்கிறதெல்லாம் வெறும் நாரு" என்று முருங்கையை வாங்கிக்கொண்டு, வெடித்த ஏலக்காயைப் பேப்பரில் பொட்டலம் கட்டித் தரும். வெடித்த காய் வியாபாரத்துக்கு ஆகாது, குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாசத்தில் ஒரு குறையும் இருக்காது. 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனதாகப் பேப்பரில் படித்தபோது, அந்தப் பொட்டலத்தில் எத்தனை ரூபாயை நாங்கள் பாயசத்தில் போட்டுக் குடித்திருப்போம் என்று வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டோம்.

சின்னமனூர் செப்பேடுகள் இல்லாமல் பாண்டியர் வரலாறு எழுத முடியாது என்பார்கள். அப்பத்தாவுக்கு அந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. அப்பத்தாவைப் பொறுத்தவரை சின்னமனூர் வெற்றிலைக்குப் பெயர் போன ஊர். பெரியப்பாவிடம் கொஞ்சம் கொடிக்கால் இருந்தது. அகத்தி மரங்களில் ஏறிய கொடிகளுக்கு நடுவே வெயில் காலத்திலும் தரை சில்லென்று இருக்கும். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகச் சொல்வார்.

அப்பத்தாவுக்கும் ஜக்கம்பட்டி அம்மாச்சிக்கும் என் அப்பா கல்யாணத்தில் பந்திச் சாப்பாட்டில் ஏதோ குறை என்று பேச்சு வந்ததிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் அப்பா பை வழியாகப் போக்குவரத்து உண்டு. "எலே, சம்பந்தியம்மாவுக்குக் கொழுந்தாப் பாத்து வையி. பெறகு, சின்னமனூர்க்காரி முத்தின வெத்தலையக் குடுத்து விட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிப்புடும்" என்று பெரியப்பாவை விரட்டும். அங்கே அம்மாச்சியும் அதே நியாயத்தில்தான் நல்ல முருங்கையைச் சின்னமனூருக்கு ஒதுக்கியது. சண்டையால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டு வீட்டிலிருந்தும் முதல் தரச் சரக்கு வந்துகொண்டிருந்தது.

ஆண்டிபட்டியில் கரடு, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தால் சின்னமனூரில் வயலும் வாழையும். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதை நான் கூடலூர் லைனில்தான் தெரிந்துகொண்டேன். சித்தி வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படத்துக்கும் பொட்டு வைத்திருப்பார்கள். கர்னல் பென்னிகுயிக். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய பெரியாற்றை மறித்து 1895-ல் அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பியவர். அந்தத் தண்ணீரால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ல் இப்போதும் பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் கட்டினார்கள். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே சித்தப்பா வீட்டுச் சுவரில் அவருக்குச் சூடம் காட்டியாகிவிட்டது.

சித்தப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். பெரியவர்கள் குனிந்து நடக்கிற உயரத்தில் எனக்கு மட்டும் நிமிர்ந்து நடக்க இடமிருக்கும். அண்ணாந்தால் பச்சை இலைகளுக்கு நடுவே கொத்துக் கொத்தாகக் கருநீலம். பன்னீர் திராட்சை. இலையிலும் பழத்திலும் மயில்துத்தம் தெளித்த வெளிர்நீலப் பொட்டுகள் இருக்கும். "வாய்க்கால்ல அலசிட்டுத் தின்னு மகனே" என்று சித்தப்பா கத்திக்கொண்டே இருப்பார். உதட்டில் வைத்து அழுத்தினால் சதை மட்டும் நழுவி நாக்கில் விழும், பன்னீர் வாசத்தோடு. தோலைக் கடித்தால் புளிக்கும். கொட்டையைத் துப்ப வேண்டும். கவாத்து வெட்டி நாலு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுப்பு நடக்கும்; அதனால் வருஷம் பூராவும் அந்தப் பள்ளத்தாக்கில் எங்காவது திராட்சை இருக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு தடவை சித்தப்பா பை நிறையப் பழம் போட்டுவிட, கம்பத்தில் ஏறிய கூட்டத்தில் பை நசுங்கிவிட்டது. தேனியில் இறங்கிப் பார்த்தால் ஆர்டர் புத்தகம் முழுக்கச் சாறு. கூடலூர்க் கடைகளின் துவரம்பருப்பும் சீனியும் ஊதா நிறத்தில் கலங்கிப்போயிருந்தன. அப்பா ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் ஞாபகத்திலிருந்து புதிதாக எழுதினார். மறுநாள் முதலாளி பழைய புத்தகத்தை மூக்குப் பக்கம் கொண்டுபோய், "என்னய்யா, சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே ஆர்டர் மணக்குது" என்றாராம். அந்த வாரம் ஒரு கடைக்குக்கூடச் சாமான் மாறிப் போகவில்லை.

வசூல் சீக்கிரம் முடிகிற வியாழக்கிழமைகளில் அப்பா என்னைக் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குக் கூட்டிக்கொண்டு போவார். லோயர் கேம்ப்பில் மலை மேலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே மலை ஏறுவோம். கூடலூரிலிருந்து தோட்ட வேலைக்குப் போன பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து எதிரே இறங்கி வருவார்கள். மேலே போனதும் வாடை மாறிவிடும். கடைக்குக் கடை தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிந்துகொண்டிருக்கும். சீவல் கட்டையை எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலே பிடித்து, வாழைக்காய் சீவச் சீவ நேராகச் சட்டியில் விழும் வித்தையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சூட்டோடு வாங்கிய பொட்டலத்தைத் திங்கள் வரைக்கும் நாங்கள் தொடக் கூடாது. அது ஜக்கம்பட்டி மாமன் பிள்ளைகளுக்கு. குமுளி மலை ஏறிப் பார்க்காத பிள்ளைகள். எண்ணெய் ஊறிய அந்தப் பேப்பரைக்கூட மோந்து பார்ப்பார்கள்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் அப்பாவுக்கு வேலை மிச்சம். நாலு வீட்டு ஆட்களும் அங்கேயே வந்துவிடுவார்கள். அக்னிச்சட்டி எடுத்து முடித்து முல்லையாற்றுப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும்போது, ஆண்டிபட்டி முருங்கைக் குழம்பும், ஏலம் தட்டிப்போட்ட பாயசமும், சின்னமனூர் வாழையிலையும், கடைசியில் வெற்றிலையும் ஒரே பந்தியில் சேரும். அப்பத்தா வைத்திருந்த வெற்றிலையை அம்மாச்சி எடுத்துப் போட்டுக்கொள்ளும். இரண்டும் அப்போதும் பேசாது.

அப்பா ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்ப வந்துவிட்டது. இப்போது தேனிக் கடைகளில் கூடலூர்த் திராட்சையும் குமுளிச் சிப்ஸும் போடி ஏலக்காயும் ஒரே அலமாரியில் கிடைக்கின்றன. வாங்குவதற்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. யார் வீட்டு வாசப்படியும் மிதிக்க வேண்டியதில்லை. சாமான் என்னவோ அதேதான். ஆனால் "ஆண்டிபட்டிக் காயா?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

தேனியில் இறங்கி இந்தப் பள்ளத்தாக்கில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேக்கரியில் ஸ்வீட் டப்பா வாங்காதீர்கள். போகிற வழியில், முந்தின ஊரில் அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கிக்கொண்டு போங்கள். திரும்பும்போது அவர்கள் தருவதை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். செலவும் குறைச்சல், உறவும் நிற்கும். எங்கள் அப்பா முப்பது வருஷம் இப்படித்தான் லைன் பார்த்தார்.