வெட்டுப்பட்ட சுழி

கோவை காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிராஸ்கட் ரோட்டுக்குள் நுழைந்தால் தரைத்தளம் முழுக்கத் துணிக்கடைகள். அண்ணாந்து பார்த்தால்தான் மாடிகளில் நடக்கும் வியாபாரம் தெரியும். டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், வெப் டிசைனிங், டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று நாலைந்தும் ஒரே போர்டில் இருக்கும். வெப் டிசைனை முறையாகப் படிக்கக் காசும் காலமும் செலவழிப்பது இன்னமும் தகுமா என்ற கேள்வியோடு அந்தப் படிகளில் ஏறினேன். யூடியூபில் தமிழிலேயே பாடம் இலவசமாகக் கிடைக்கிற காலத்தில் கேட்டாக வேண்டிய கேள்விதான்.

முதலில் போன பயிற்சி நிலையத்தில் ஆறு மாதப் படிப்புக்கு 35,000 ரூபாய் வாங்குகிறார்கள். ஆசிரியருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பேச்சில் ஒளிவுமறைவு இல்லை. "ஆரம்பத்துல நான் ஃபிளாஷ் எடுத்தேன் சார். முதல் பேஜ்ல லோகோ சுத்தி வரும், பின்னாடி மியூசிக் ஓடும். அதுக்குன்னே பசங்க வந்து சேருவாங்க" என்றார். ஃபிளாஷ் 2005இல் மேக்ரோமீடியாவிடமிருந்து அடோபியின் கைக்குப் போனது. ஐபோன் அதைக் கடைசிவரை உள்ளே விடவில்லை. 2020 டிசம்பரோடு அடோபியே அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. கூடவே இவருடைய பாடமும் போயிற்று. அப்புறம் டிரீம்வீவர், வேர்ட்பிரஸ், இப்போது ஃபிக்மா. கருவியின் பெயரைச் சொல்லி விற்கிற படிப்புக்கு இந்தத் தலையெழுத்து தவிர்க்க முடியாதது. ஆனாலும் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் தன் கைக்காசைப் போட்டுக் கற்றுக்கொண்டுதான் வகுப்பெடுத்திருக்கிறார். பல கல்லூரிகளில் அதுகூட நடப்பதில்லை.

அங்கே படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர்கள். வெப் டெக்னாலஜி என்று ஒரு பேப்பர் எழுதித் தேறியவர்கள். எச்டிஎம்எல் டேகுகளைப் பேனாவால் விடைத்தாளில் எழுதி மார்க் வாங்குவது என்ன வகைக் கல்வி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீச்சலைக் கரும்பலகையில் கற்றதற்கு இது சமம். ஒருத்தி தன் ரெக்கார்டு நோட்டைக் காட்டினாள். ஃபிரேம்செட் வைத்துப் பக்கத்தைப் பிரிப்பது ஒரு பயிற்சி, மார்க்கீ டேகில் கல்லூரிப் பெயரை ஓடவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் கீழே சிவப்பு மையில் கையெழுத்து. 2014இல் எச்டிஎம்எல்5 தரநிலையாக வெளியானபோதே இந்த இரண்டும் வழக்கொழிந்தவை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. "மூணு வருஷத்துல நாங்க செஞ்ச பேஜைப் பாத்து ஒருத்தர்கூட நல்லா இல்லைன்னு சொன்னதில்லைங்க" என்றாள் மற்றவள். பாடத்திட்டம் பழசு என்பதைவிட இந்த வார்த்தைதான் எனக்கு உறைத்தது.

வேலை நடக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? நூறடி ரோட்டுக்குப் பின்சந்தில், பம்ப் செட் உதிரிபாகக் கடைக்கு மேலே ஒரு சின்ன நிறுவனம். ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பம்ப் கம்பெனி, வெட் கிரைண்டர் கம்பெனி, திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர், கல்யாண மண்டபம் என்று கொங்கு நாட்டுத் தொழில் எல்லாம் இங்கே வந்து வெப்சைட் ஆகிறது. முதலாளி டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். தொழிலைத் தானாகக் கற்றுக்கொண்டவர். "நான் சர்டிஃபிகேட் கேக்கறதே இல்லைங்க. போனைக் கையில குடுத்து, என்ன தப்புன்னு சொல்லச் சொல்வேன்" என்றார்.

அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது ஒரு பலகாரக் கடையின் பக்கம். புதிதாகச் சேர்ந்த பையன் கட்டியது. யூடியூபில் படித்தவன், கை வேகமாக ஓடுகிறது. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. அவனுக்கு மூத்தவரான ஒரு பெண் அதை விலை குறைந்த போனில் திறந்து மேஜைமேல் வைத்தார். 'தீபாவளி ஸ்பெஷல்' என்ற தலைப்பில் 'தீ'யின் மேல்சுழி வெட்டுப்பட்டிருந்தது. அடுத்த தலைப்பு இரண்டு வரியாக மடங்கி, மேல்வரியில் இருந்த 'பூ'வின் வால் கீழ்வரியின் தலையில் இடித்தது. காரணம் சின்னது. ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் வரி உயரம் 1.2 என்று இருந்தது. மேலும் கீழும் நீளும் தமிழ் எழுத்துக்கு அது போதாது. 1.6 என்று மாற்றினார், சுழி முழுசாக வந்தது. 'புக் நவ்' அளவுக்கு வெட்டிய பட்டனுக்குள் 'முன்பதிவு செய்யுங்கள்' பிதுங்கி நின்றது. அகலத்தைக் கட்டிப்போடாமல் எழுத்துக்கேற்ப விரியவிட்டார். அப்புறம் வெள்ளையில் வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்த விலைப்பட்டியல். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற அளவிலாவது ஒளிவேறுபாடு வேண்டும் என்று அணுகல் விதி இருப்பதை அவனிடம் சொன்னார். "வெயில்ல நின்னு பாக்கறவங்களுக்கு இது தெரியுமாடா?" பையன் முகம் சுருங்கினாலும் குறித்துக்கொண்டான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்கள் இருவருக்கும் மூன்று வருஷத்தில் கிடைக்காதது இதுதான்.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியாம். வெப் டிசைனுக்கும் அந்தப் படிப்புக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. சேரும்போது கோடிங் ஒரு வரி தெரியாதாம், இங்கே வந்துதான் பழகியிருக்கிறார். "அங்க எழுத்தைக் கையாலயே வரையணும் சார். வரைஞ்சதைச் செவுத்துல மாட்டி எல்லார் முன்னாடியும் கிழிப்பாங்க. மொதல்ல அழுகை வந்துச்சு. அப்புறம் நாங்களே ஒருத்தருக்கொருத்தர் கிழிக்க ஆரம்பிச்சோம்." வெப் என்ற சொல்லே இல்லாத படிப்பு, வெப் என்று பெயர் வைத்த படிப்பைவிட இந்த வேலைக்கு உதவியிருக்கிறது.

டிடிபி சென்டரில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த மேட்டரைப் புதியவர்கள் அப்படியே ஒட்டிவிடுவதும் இங்கே அடிக்கடி நடப்பதுதான். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் அழகான தமிழாகத் தெரியும். வாடிக்கையாளரின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பி நிற்கும், கூகுளில் தேடினாலும் சிக்காது. யூனிகோடு என்றால் என்ன என்று ஒருநாள் உட்கார்ந்து படித்தவனுக்கு இந்தத் தப்பு வராது. கருவி மாறினாலும் மாறாத பாடங்கள் இப்படிச் சில இருக்கின்றன. பல படிப்புகளில் அவற்றுக்குத்தான் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

பட்டமே வேண்டாம் என்பவர்கள் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தை உதாரணம் காட்டுவார்கள். அவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, அந்த நிறுவனம் நடத்துவதும் ஒரு பள்ளிக்கூடம்தான். டிசைனுக்கென்று தனிப் பிரிவும் அங்கே உண்டு. வேண்டாம் என்று விட்டது பட்டத்தை, வகுப்பறையை அல்ல.

முதலாளியின் கவலை வேறு. ஒரு பம்ப் கம்பெனிக்கு முகப்புப் பக்கம் வேண்டும் என்று ஏஐயிடம் கேட்டுக் காட்டினார். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. மோசமில்லை. தமிழில் மாற்றச் சொன்னால் பட்டன் அதேபோலப் பிதுங்கியது. "இதைக் கண்டுபிடிக்கற கண்ணு வேணுமுங்க. ஆனா அந்தக் கண்ணு வர்றதுக்கு மொத வருஷம் பசங்க செய்யற சில்லறை வேலை இருக்கில்ல, பேனர் அளவு மாத்தறது, டெம்ப்ளேட் போடறது, அதைத்தான் இது புடுங்கிக்கிச்சு." போன வருஷம்வரை மூன்று பேரைப் புதிதாக எடுத்தவர், இந்தத் தடவை ஒருவனைத்தான் எடுத்திருக்கிறார். பழகிக்கொண்டே சம்பாதிக்கும் வழி இப்படி அடைபட்டால், சம்பாதிக்கும் முன்பே பழகுவதற்கு ஓர் இடம் தேவைப்படும். அது வகுப்பறையாக இருக்கலாம், குறை சொல்ல ஆள் இருந்தால். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மூன்று வருஷத்தையோ, கருவியின் பெயரை மட்டும் விற்கும் இடத்துக்கு 35,000 ரூபாயையோ கொடுக்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சேரும் முன் அங்கே போய், போன பேட்ச் செய்த பக்கங்களை விலை குறைந்த போனில் திறந்து பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கிளம்பும்போது முதலாளியின் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. இந்த வருஷம் பிளஸ் டூவாம். என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள் என்றேன். சர்டிஃபிகேட்டே கேட்காத மனிதர் யோசிக்கவேயில்லை. "பி.ஈ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தானுங்க. நாளைக்குப் பெரிய கம்பெனிக்குப் போகணும், வெளிநாடு போகணும்னா டிகிரி எங்கேன்னுதான மொதல்ல கேப்பான்? அமெரிக்கா வேலை விசாவுக்கே அது வேணும். டிசைன் நான் சொல்லிக் குடுத்துக்கறேன்."

கும்பகோணத்துக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "அண்ணா, அவ நல்லா வரையறா. என்ன படிக்கணும்னு அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டா அவ கும்பகோணம்னு சொல்லிருவாளே" என்றார் முதலாளி.