கான்சல்களின் பெயர்களில் எண்ணப்பட்ட காலம்

பண்டைய ரோமானியர் ஓர் ஆண்டை எண்ணால் குறிப்பதைவிட, அவ்வாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கான்சல்கள் எனும் இரு தலைமை ஆட்சியாளர்களின் பெயர்களாலேயே பெரிதும் குறித்தனர் என்பதால், ‘ஃபாஸ்டி’ எனப்படும் அப்பெயர்ப்பட்டியல் இன்றி ரோமின் காலவரிசையை நிறுவ இயலாது. புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்காக ரோமின் பழைய பொதுமன்றமான ஃபோரத்தில் கல் தோண்டியபோது, 1546-47இல், பேரரசர் அகஸ்டஸ் காலத்துப் பளிங்குப் பட்டியலின் துண்டுகள் வெளிப்பட்டன. பழைய ரோமை உடைத்தே புதிய ரோம் எழுந்த அக்காலத்தில் அவை தப்பியதே வியப்பு. கர்தினால் அலெஸ்ஸாண்ட்ரோ ஃபர்னேசேயின் ஆதரவில் அவை காப்பிடோல் குன்றில் பொருத்தப்பட்டன.

மோதேனா நகரின் மானுடவாத அறிஞர், அதாவது கிரேக்க, லத்தீன் மூலங்களுக்கே திரும்பிச்சென்று கற்ற மறுமலர்ச்சிக்காலப் புலமையாளர், கார்லோ சிகோனியோ 1550இல் இப்பட்டியலைப் பதிப்பித்து, 1556இல் வெனிஸில் பாவ்லோ மனூட்ஸியோவின் அச்சகம் வழியே விரிவான உரையுடன் மீண்டும் வெளியிட்டார். அப்பதிப்பின் உண்மையான பெருமை, சிதைந்த கல்லெழுத்தையும் வரலாற்றாசிரியர் லிவியின் நூலையும் எதிரெதிரே வைத்து எடைபோட்ட முறையில்தான் இருக்கிறது. ஆயினும் கல்வெட்டு எப்போதும் நூலைவிட நம்பத்தக்கதன்று: கி.மு. 324, 309, 301 ஆகிய ஆண்டுகளில் கான்சல்களே இன்றி, நெருக்கடிக்கால முழு அதிகாரியான டிக்டேட்டர் ஆண்டதாகக் கல்வெட்டு கூற, லிவியிடம் அவ்வாண்டுகளே இல்லை. அவை கணக்கை நிரப்பப் பிற்காலத்தில் செருகப்பட்டவை என்பதே இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து.