எண்டர், மயில் படம், மூன்று பக்கம்

செமஸ்டருக்குப் படிக்க உட்கார்ந்தால்தான் எனக்கு எழுத வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை விஷயம் கொஞ்சம் வறட்சியானது. ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது, அதைப் பக்க வடிவமைப்பு மென்பொருளிடம் ஒரே தடவை சொல்லி வைப்பது எப்படி, இதுதான். "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று கேட்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள். இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அது நம் வகுப்பில் ஒருத்தியைப் பாதித்தது. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன வருடம் நம் துறை ஆண்டு மலரை வடிவமைத்தது அடியேன்தான். எனக்கு இன்டிசைன் தெரியும் என்று யாரோ சாரிடம் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு யூடியூப் வீடியோ. முதல் நாள் ஒரு கவிதையை ஒட்டிப் பார்த்தேன், எல்லா எழுத்தும் இளஞ்சிவப்புக் கட்டமாக வந்தது. புதிதாகத் திறக்கும் கோப்பில் மினியன் ப்ரோ என்ற எழுத்துரு, 12 பாயிண்ட் அளவில் தயாராக நிற்கும். அதில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்துரு மாற்றினால் கொம்பெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் ஒழுங்காக வரும் என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆயிற்று. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மென்பொருள் தானாக ஒன்றை முடிவு செய்து வைத்திருக்கிறது, நாம் மாற்றாவிட்டால் அதுதான் நடக்கும். புரியவில்லை. எழுத்துருவையும் கம்போசரையும் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாக மாற்றிக்கொண்டே போனேன். வீரன்ல!

பத்தி இடைவெளி விஷயத்தில் இன்டிசைன் தானாக வைத்திருப்பது பூஜ்யம். ஒரு பத்தி முடிந்து அடுத்தது ஒட்டிக்கொண்டே வரும். எனக்கு அது கண்ணுக்குப் பொறுக்கவில்லை. இணையத்தில் படித்துப் பழகிய கண். இணையப் பக்கங்களில் பிரவுசரே ஒவ்வொரு பத்திக்கும் மேலேயும் கீழேயும் ஓர் எழுத்தளவு இடம் விட்டுக் காட்டும். வேர்டிலும் 2007 பதிப்பிலிருந்து பத்திக்குக் கீழே 10 பாயிண்ட் தானாகவே வந்தது, 2013-ல் அதை 8 ஆக்கினார்கள். ஆகவே பத்தி என்றால் நடுவே இடம் இருக்கும் என்பது என் மூளையில் பதிந்த விஷயம். நம் வீட்டில் இருக்கும் தமிழ் நாவல் எதையாவது எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பத்திகளுக்கு நடுவே இடமே இருக்காது, முதல் வரி மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். இதை நான் கவனித்ததே இப்போதுதான்.

சரி, இடம் வேண்டும். என்ன செய்தேன்? எண்டரை இரண்டு தடவை தட்டினேன். ஒவ்வொரு பத்திக்கும், மலர் முழுவதும். வாட்ஸப்பில் வந்த கட்டுரைகளில் எழுதியவர்களே ஏற்கெனவே இரண்டு தடவை தட்டியிருந்தார்கள், அந்த மட்டில் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

இதில் அசிங்கமான ஒரு விளைவு உண்டு. பத்தி ஒரு பக்கத்தின் அடியில் சரியாக முடிந்தால் அந்தக் காலி வரி அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்காரும். இடது பக்கம் மேலே தொடங்கும், வலது பக்கம் ஒரு வரி இறங்கித் தொடங்கும். நான் அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். பெட்டியைப் பிடித்து மேலே இழுத்துவிடுவது. அப்புறம் யாராவது ஒரு வரி திருத்தச் சொன்னால் எல்லாம் நகரும், எல்லாப் பெட்டியையும் மறுபடி இழுக்க வேண்டும். மூன்று ராத்திரி இப்படிப் போனது.

ஒவ்வொரு கட்டுரையும் புதுப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது சாரின் கட்டளை. பல கட்டுரைகள் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரி, ஆறு வரி மட்டும் வந்து நின்றன. கீழே முக்கால் பக்கம் மொட்டையாக இருந்தது. அங்கெல்லாம் படம் வைத்தேன். குத்துவிளக்கு, பேனா, புறா. இரண்டு இடத்தில் ஒரே மயில். "டிசைன் சூப்பர்டா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள், மறந்துவிடாதீர்கள் :)

மொத்தம் 67 பக்கம் வந்தது. அச்சகத்தில் கொண்டு போய்க் காட்டினேன். அண்ணாச்சி ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, பதினாறு பக்கம் ஒரு பாரம். நாலு பாரம், அறுபத்து நாலு. அதுக்குத்தான் உங்க சார் துட்டு பேசியிருக்காரு. மூணு பக்கம் கூடுனாலும் இன்னொரு தடவை மிஷின்ல ஏத்தணும்லா" என்றார். துறையில் அதற்குமேல் பணம் கிடையாது. மறுநாள் காலைக்குள் 64 ஆக்கிக் கொண்டு வா என்றார்.

மூன்று பக்கம் போக வேண்டும். சாரின் முன்னுரையைத் தொட முடியாது. பேராசிரியர்கள் எழுதியதைத் தொட முடியாது. விளம்பரம் கொடுத்தவர்களைத் தொடவே முடியாது. மாணவர்கள் எழுதியதில் சரியாக மூன்று பக்கம் இருந்தது ஒரே ஒரு கட்டுரை. கடைசியாக வந்ததும் அதுதான். இந்த இரண்டைத் தவிர அதை எடுத்ததற்கு வேறு காரணம் இல்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும் நம் தோழி எழுதியது. தலைப்பு 'பாத்தி'. நான் முதலில் அதைப் 'பத்தி' என்று படித்துவிட்டு, நம்ம வேலையைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறாள் போல என்று நினைத்தேன். அது உப்பளத்துப் பாத்தி. அவளுடைய அம்மா உப்பு வாரும் வேலைக்குப் போகிறவர். விடியுமுன் கிளம்புவது, வெயில் ஏறினால் வெள்ளைப் பரப்பைப் பார்க்கவே முடியாமல் கண் கூசுவது, ஐப்பசி மழை தொடங்கியதும் வேலை நின்றுபோய் வீட்டில் கையைப் பிசைவது, எல்லாம் எழுதியிருந்தாள். அம்மாவின் பாதத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி இருந்தது. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் எழுத்து, அதனால் இங்கே போடவில்லை.

கேன்டீனில் வைத்துச் சொன்னேன். "பக்கம் இல்லடா, சரி பரவால்ல" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். மலர் வந்த அன்றைக்கு ஆளுக்கு ஒரு பிரதி இலவசம். அவள் காசு கொடுத்து இன்னொன்றும் வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். அவள் கட்டுரை வரப்போகிறது என்று அம்மா அளத்தில் கூட வேலை பார்ப்பவர்களிடம் முன்பே சொல்லிவிட்டார்களாம். "புக்கையாவது காட்டணும்ல" என்றாள். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த வருட மலர் ஜூனியர்கள் கையில். பழைய கோப்பை வைத்துத் தொடங்கலாம் என்று ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு லேபில் உட்கார்ந்தேன். பந்தாவாக விளக்கிக்கொண்டிருக்கும்போது அவன் கன்ட்ரோல், ஆல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினான். மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் வசதி அது. திரை முழுக்கப் பத்திக்குறி. "அண்ணே, இது என்ன எல்லா எடத்துலயும் ரெண்டு ரெண்டா கெடக்கு?" என்றான்.

அப்புறம் அவன் செய்ததை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். ஃபைண்ட் சேஞ்ச் பெட்டியில் கிரெப் என்ற பகுதியில், பல எண்டர்களை ஒன்றாக்கும் கட்டளை முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தேர்ந்தெடுத்து ஒரு தட்டு. எல்லாக் காலி வரியும் போய்விட்டது. பிறகு பத்தி பாணிகள் பேனலில் 'உடல்' என்று ஒரு பாணி உண்டாக்கி, அதற்குள்ளேயே எழுத்துரு, கம்போசர், வரி அளவு எல்லாம் சொல்லி, பத்திக்குப் பின் இடம் 4 பாயிண்ட் என்று போட்டான். கட்டுரைகளுக்கெல்லாம் அந்தப் பாணியைக் கொடுத்தான். இப்படி விடும் இடத்துக்கு இன்னொரு நல்ல குணம்: பக்கத்தின் அடியில் பத்தி முடிந்தால் அந்த இடம் அடுத்த பக்கத் தலைக்குத் தாவாது. பெட்டியைப் பிடித்து இழுக்கும் வைத்தியத்துக்கு வேலையே இல்லை. பத்திக்கு முன் இடம் என்று கொடுத்தாலும் அப்படித்தான், பெட்டியின் உச்சியில் அது கணக்கில் வராது.

கணக்கைப் பாருங்கள். நான் வைத்திருந்த வரி அளவு 16 பாயிண்ட். 72 பாயிண்ட் ஓர் அங்குலம். பத்துப் பத்தி உள்ள கட்டுரையில் ஒன்பது காலி வரி, அதாவது 144 பாயிண்ட், முழுதாக இரண்டு அங்குலம். அதுவே 4 பாயிண்ட் என்றால் மொத்தமே 36, அரை அங்குலம். மிச்சம் ஒன்றரை அங்குலம், ஆறு வரிக்கு மேல். கடைசிப் பக்கத்தில் அநாதையாக நின்ற ஐந்து வரியும் ஆறு வரியும் முந்தின பக்கத்துக்குள் போய் அடங்கிவிட்டன. நான்கு கட்டுரைகளில் இப்படி ஆயிற்று. நான்கு பக்கம். அங்கே குத்துவிளக்கும் புறாவும் இரண்டு மயிலும் மட்டும் தனியாக நின்றன.

67-ல் நான்கு போனால் 63. அவள் கட்டுரையும் சேர்த்துத்தான் 63. ஒரு பக்கம் மீதம் வேறு!

தம்பிக்குக் கதை தெரியாது. "அண்ணே, டீ குடிக்கப் போலாமா?" என்றான். நீ போ, வாரேன் என்று அனுப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தம்பி திரும்பி வந்து சொல்லிக் கொடுத்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். திறந்திருக்கும் கோப்பில் பாணியை மாற்றினால் அந்தக் கோப்புக்கு மட்டும்தான். இனி திறக்கப்போகும் எல்லாப் புதுக் கோப்புக்கும் வேண்டுமென்றால் எல்லாக் கோப்பையும் மூடிவிடுங்கள். நிரல் மட்டும் திறந்திருக்கட்டும். அந்த நிலையில் 'பேஸிக் பாரகிராஃப்' என்ற அடிப்படைப் பாணியைத் திறந்து பத்தி இடைவெளி, தமிழ் எழுத்துரு, வேர்ல்டு ரெடி கம்போசர் எல்லாவற்றையும் அமைத்துவிட்டால் போதும். அடுத்த புதுக் கோப்பு அப்படியே பிறக்கும். பழைய கோப்புகள் மாறாது. ஒரு பொறியும் இருக்கிறது: கோப்பு திறந்திருக்கும்போது எதையும் தேர்ந்தெடுக்காமல் மேலே உள்ள பட்டையில் இடைவெளி எண்ணை மாற்றினால், அதற்குப் பிறகு போடும் ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். பாணியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அந்தக் கூட்டல் குறி போன வருடம் முழுக்கத் தெரிந்தது. அழகுக்கு இருக்கிறது என்று நினைத்தேன்.

அச்சகத்து அண்ணாச்சியிடமும் இதைச் சொன்னேன். அவர் பேஜ்மேக்கர் காலத்து ஆள். 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. "அதுலயே இருந்துச்சே தம்பி இது" என்றார். அவருடைய அப்பா ஈய எழுத்துக் கோத்தவராம். அப்போதெல்லாம் வரிக்கு நடுவே இடம் வேண்டுமென்றால் ஈயத் தகட்டைச் செருக வேண்டும், எவ்வளவு இடம் விடுகிறோம் என்பது கையில் கனமாகத் தெரியும். "நீ அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்றார். கேட்கவில்லை. எனக்குத்தான் இன்டிசைன் தெரியுமே.

அவளிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. நேரில் வராமல் வாட்ஸப்பில் அடித்து, அழித்து, கடைசியில் லைப்ரரி வாசலில் சொல்லிவிட்டேன். இரண்டு எண்டர், ஆறு வரி, நான்கு பக்கம், எல்லாக் கணக்கும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மயிலுக்காடா என்னைத் தூக்குன?" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. முழுச் சிரிப்பு இல்லை.

இந்த வருட மலருக்குக் கொடு, தம்பியிடம் சொல்கிறேன் என்றேன். அவள் போன் மாற்றியதில் கட்டுரை போய்விட்டதாம், நம் குழுவிலும் பழையதெல்லாம் அழிந்துவிட்டது. ஆனால் இன்டிசைனில் பக்கத்துக்கு வெளியே ஒரு வெற்றிடம் உண்டு, நம் மேசையின் ஓரம் மாதிரி. வெட்டிய சாமான்களை அங்கே போட்டு வைப்பார்கள், அச்சில் வராது. நான் 'பாத்தி'யைப் பக்கத்திலிருந்து இழுத்து அங்கேதான் போட்டிருந்தேன். ஒரு வருடமாக அது 64-ஆம் பக்கத்துக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே அதை எடுத்து, காலி வரிகளை நீக்கி, மூன்று பக்கம் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு செய்தி. ஜூனியர் மலர் வரும்போது வரட்டும், இதை இப்பவே பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட கொடுக்கணும், அம்மாவுக்கு இந்த எழுத்து சின்னதாக இருக்கும், பெரிசு பண்ணித் தர முடியுமா என்று.

பாணியைத் திறந்து 11-ஐ 14 ஆக்கினேன், வரி அளவை 20. ஐந்து பக்கம் வந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.